கள்ளுக்கடை வேண்டாம், மரத்தடிக் கள் வேண்டும்

போன சித்திரையில் பெங்களூருக்குப் போயிருந்தேன். அக்கா மகன் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். "மாமா, ஒரு இடம் காட்டுறேன் வாங்க"ன்னு ஒருநாள் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே நுழைந்தால் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் எவர்சில்வர் கொப்பரைகள். அங்கேயே காய்ச்சி, அங்கேயே புளிக்க வைத்து, அங்கேயே ஊற்றிக் கொடுக்கிறார்கள். கிராஃப்ட் பீர் என்று பெயராம். சுவரில் ஒரு கரும்பலகை. கோதுமை போட்டது ஒன்று, ராகி போட்டது ஒன்று, மாம்பழம் போட்டது ஒன்று. மாம்பழ பீருக்குப் பக்கத்தில் 'சீசனில் மட்டும்' என்று சாக்பீஸில் எழுதியிருந்தது.

பரிமாறிய பையன் நன்றாக விளக்கினான். "இது வடிகட்டாத சரக்கு சார். கெடாம இருக்க மருந்து எதுவும் போடலை. ஈஸ்ட் உயிரோட இருக்கு. அதனால ரொம்ப நாள் தாங்காது, புதுசா குடிச்சாத்தான் ருசி." ஒரு கிளாஸ் நானூறு ரூபாய்க்குப் பக்கம். நான் பாதி குடித்தேன். ருசி மோசமில்லை. ஆனால் மனசு அங்கே இல்லை. உள்ளூரில் செய்தது, மருந்து கலக்காதது, உயிருள்ளது, பருவத்தில் மட்டும் கிடைப்பது, அன்றன்றைக்கே குடிக்க வேண்டியது என்று அந்தப் பையன் சொன்ன ஒவ்வொன்றும் எங்க தோட்டத்து வரப்பில் நிற்கிற பனைக்குப் பொருந்தும். அங்கே அதற்கு நானூறு ரூபாய், குளுகுளு அறை, மேளம் கொட்டி திருவிழா. இங்கே அதற்கு வழக்கு.

வேடசந்தூர் பக்கம் நிலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குடகனாற்றில் தண்ணி வந்தால் உண்டு, இல்லையென்றால் வானம் பார்த்த பூமி. இருங்குச் சோளம், மக்காச்சோளம், முருங்கை, கொஞ்சம் புகையிலை. எந்த வறட்சியிலும் வாடாமல் நிற்பது வரப்புப் பனைதான். எங்க தாத்தா காலத்தில் எங்கள் நாலு ஏக்கரைச் சுற்றி எழுபது மரத்துக்கு மேல் நின்றதாக அப்பா சொல்வார். இப்போது எண்ணினால் இருபத்தி மூன்று. மற்றதெல்லாம் செங்கல் சூளைக்குப் போயிற்று. விற்றது வேறு யாருமில்லை, எங்க குடும்பம்தான். பலன் தராத மரத்தை எத்தனை வருஷம் பாசத்துக்காக மட்டும் வைத்திருப்பான் சம்சாரி? மாநில மரம் என்று பெயர் வைத்தாயிற்று. 2021-க்குப் பிறகு கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்றும் ஆயிற்று. நல்லதுதான். ஆனால் மரத்தில் ஏறிப் பாளை சீவ ஆளில்லாமல் மரத்தை மட்டும் காப்பாற்றினால் அது நிழலும் தராத வெறும் கம்பமாக நிற்கும்.

விஷயம் புதிதாகப் படிக்கிற இளைஞர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பனையில் ஆண் மரமும் உண்டு, பெண் மரமும் உண்டு, இரண்டிலும் பாளை சீவலாம். பாளையை இடுக்கி, பதமாக நசுக்கி, நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவினால் சாறு சொட்டும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் சாறு புளிக்காது. அதுதான் பதநீர், மேற்கே கொங்குப் பக்கம் தெளுவு என்பார்கள். சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலையை ஆரம்பித்துவிடும். காலையில் இறக்கும்போதே லேசாக நுரைக்கும். அதுதான் கள். அதில் ஆல்கஹால் நூற்றுக்கு நாலிலிருந்து ஆறு வரை வரும். டாஸ்மாக்கில் விற்கிற பீர் அஞ்சிலிருந்து எட்டு. பிராந்தி, விஸ்கி 42.8. கள்ளை மறுநாள் வரை வைத்தால் புளித்துக் காடியாகிவிடும். அதாவது, ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லையென்றால் குற்றம்.

பஞ்சகவ்யா தயாரிக்கிற நம்ம ஆட்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். கொடுமுடி டாக்டர் நடராஜன் அய்யா கொடுத்த செய்முறையில் கள்ளும் ஒரு பொருள். கிடைக்காத இடத்தில் இளநீரைப் புளிக்க வைத்து ஊற்று, ஈஸ்ட்டும் வெல்லமும் கரைத்து ஊற்று என்று மாற்று வழியும் சொல்லியிருக்கிறார்கள். ஈஸ்ட் பொட்டலத்தைக் கடையில் வாங்கி வந்து கரைத்து ஊற்றும்போதெல்லாம் நான் வரப்புப் பனையை அண்ணாந்து பார்ப்பதுண்டு. அந்த ஈஸ்ட் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது.

தடை எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1937-ல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அந்தச் சட்டம்தான் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. 1971-ல் தளர்த்தினார்கள், பிறகு மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து சாராயத்தோடு சேர்த்துக் கள்ளையும் நிறுத்தினார்கள். 2003-லிருந்து சில்லறைக் கடையும் அரசின் கையில். 2023-24-ல் மட்டும் அதிலிருந்து அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆக, மது விலக்கப்படவில்லை. சம்சாரியும் மரமேறியும் மட்டும் அதிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறார்கள்.

எங்க ஊருக்கு இதில் தனிக் கூத்து ஒன்று உண்டு. மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் வேடசந்தூரில்தான் இருக்கிறது. மெல்லும் புகையிலைக்கு நல்ல ரகம் எது, எப்போது நாற்று விடணும், எப்போது நுனி கிள்ளணும் என்றெல்லாம் விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, எங்க அப்பாவும் அங்கே யோசனை கேட்டுப் பயிர் வைத்தவர்தான். ஆனால் வாயில் அடக்கினால் புற்றுநோய் தருகிற இலைக்கு ஆராய்ச்சி நிலையம், மரத்தில் சொட்டுகிற சாற்றுக்குப் போலீஸ் என்பது எந்த ஊர் நியாயம்?

இதுவரை படித்துவிட்டு, "சரி, அண்ணாச்சி கள்ளுக்கடையைத் திறக்கச் சொல்கிறார்" என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. கள்ளுக்கடை வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு அந்தக் கடைகளை நினைவிருக்கிறது. 1980-களில் நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒன்று இருந்தது. கடையை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் பெருந்தொகை கட்டியிருப்பார். அந்தப் பணத்தை ஒரு வருஷத்துக்குள் எடுக்கணும். ஆடி முடிந்தால் மரத்தில் சாறு குறையும், கடையில் குறையாது. அது எப்படி? தண்ணியும் சாக்கரினும், போதைக்கு என்னென்னவோ பொடியும். எங்க சித்தப்பா ஒருத்தர் அந்தக் கள்ளைக் குடித்து ரெண்டு நாள் கண் விழிக்காமல் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் பழைய மனுஷனாக இல்லை. மரமேறிக்குக் கிடைத்தது கலயத்துக்கு இத்தனை காசு என்ற கூலி மட்டும்தான். லாபம் ஏலக்காரருக்கு, கெட்ட பேர் கள்ளுக்கு.

இன்றைக்கும் இதற்குச் சாட்சி இருக்கிறது. தெலங்கானாவில் கள் சட்டப்படிதான் விற்கிறார்கள். ஆனால் அல்பிரசோலம், குளோரல் ஹைட்ரேட் என்று தூக்க மருந்துகளைக் கலந்து விற்று, குடித்தவர்கள் ஆஸ்பத்திரியில் கிடப்பது அங்கே திரும்பத் திரும்ப வருகிற செய்தி. கேரளத்தைப் பெரிதாகச் சொல்வோம். தொழிலாளர் நலநிதிக்கு 1969-லேயே சட்டம் போட்ட மாநிலம், அது மெச்சத்தக்கது. ஆனால் பாலக்காட்டுச் சித்தூர் தோப்பில் இறக்கிய கள் வண்டியேறித் தெற்கு மாவட்டங்கள் வரைக்கும் போகிறது. அத்தனை தூரம் போவதற்குள் அது என்ன ஆகும் என்று கள்ளை அறிந்தவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மரத்துக்கும் குடிக்கிறவனுக்கும் நடுவில் தூரம் கூடக்கூடக் கலப்படம் கூடும். என் கட்சி இவ்வளவுதான். அந்தத் தூரத்தை இல்லாமல் பண்ணணும்.

பெங்களூரில் அந்தக் கொப்பரைகளைப் பார்த்தபோது எனக்குப் பட்டதும் இதுதான். கண்ணாடிக்குப் பின்னால் காய்ச்சுகிறவன் தெரிகிறான். அவன் தப்பு பண்ணினால் அவனையே கேட்கலாம். மற்றபடி அந்தக் கொப்பரைக்குள் போகிற பார்லி ராஜஸ்தான், ஹரியானாப் பக்கத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருகிறது. கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூ பெரும்பாலும் கடல் தாண்டி வருகிறது. உள்ளூர் பீர் என்கிறார்கள், உள்ளூர் அதில் பாதிதான். பனையில் முழுசும் உள்ளூர்.

ஜெர்மனியில் பவேரியா என்ற நாட்டில் 1516-லேயே சட்டம் போட்டார்கள். பார்லி, ஹாப்ஸ், தண்ணி, இந்த மூன்றைத் தவிர பீரில் வேறெதுவும் சேர்க்கக்கூடாது என்று. மியூனிக் நகரத்தின் அக்டோபர் திருவிழாவில் இன்றைக்கும் அந்த நகர எல்லைக்குள் காய்ச்சிய பீரை மட்டும்தான் ஊற்றுகிறார்கள். பெல்ஜியத்தில் லாம்பிக் என்று ஒரு வகை. ஈஸ்ட் போடுவதே இல்லை. கொதிக்க வைத்த தானியச் சாற்றைக் குளிர்காலத்து ராத்திரிக் காற்றில் திறந்து வைக்கிறார்கள், காற்றில் வருகிற நுண்ணுயிர் வேலையைப் பார்க்கிறது. நம்ம கலயத்தில் நடப்பதேதான். அந்த நாட்டின் பீர் பண்பாட்டை 2016-ல் யுனெஸ்கோ அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வெள்ளைக்காரன் கதை வேண்டாம் என்றால் நம்ம நாட்டுக்குள்ளேயே பார்க்கலாம். நாகாலாந்து 1989-லிருந்து மதுவிலக்கு மாநிலம். ஆனால் டிசம்பர் முதல் பத்து நாள் கோஹிமா பக்கத்தில் நடக்கிற ஹார்ன்பில் திருவிழாவில் ஒவ்வொரு பழங்குடியும் தன் குடிலில் அரிசிக் கள்ளை மூங்கில் குவளையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அசாமில் திமாசா மக்கள் ஒட்டரிசியிலும் தெம்ப்ரா என்ற காட்டுச் செடியின் பட்டையிலும் செய்கிற ஜூதிமாவுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவாவின் முந்திரிப் பழ ஃபெனிக்கு 2009-லேயே கிடைத்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் இலுப்பைப்பூ மதுவை ஆதிவாசிகளின் சுய உதவிக் குழுக்களே வடித்து விற்க அரசு அனுமதி கொடுத்திருக்கிறது. நெல்லில் வீட்டிலேயே செய்த கள்ளுக்குத் 'தோப்பி' என்று சங்க காலத்திலேயே பேர் வைத்திருந்தவர்கள் நாம். கள்ளுண்ணாமை என்று திருக்குறளில் ஓர் அதிகாரம் வைத்ததும் நாம்தான், அதையும் மறைக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த முன்னுதாரணம் யாழ்ப்பாணம். அங்கே சீவல் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்திருக்கிறார்கள். கள்ளைச் சங்கம் வாங்குகிறது, தவறணையில் விற்கிறது, போத்தலில் அடைக்கிறது. மிஞ்சுவதை வடிக்கத் திக்கத்தில் வடிசாலை இருக்கிறது. 1978-லிருந்து பனைக்கென்றே ஓர் அபிவிருத்திச் சபையும் உண்டு. யுத்தம் அத்தனை பனையைத் தின்ற பிறகும் அங்கே மரமேறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், இறக்கியதை விற்க அவர்களுக்கு ஓர் இடம் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சோளம் விதைக்கிற நம்ம சம்சாரிகளுக்காக இடையில் ஒரு சேதி. 1988-ல் நைஜீரிய அரசு பார்லி இறக்குமதிக்குத் தடை போட்டது. பீர் கம்பெனிகள் வேறு வழியில்லாமல் உள்ளூர்ச் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறின. உகாண்டாவில் 2002-லிருந்து எப்புரிப்பூர் என்ற உள்ளூர்ச் சோள ரகத்தில் ஒரு பீர் வருகிறது. உள்ளூர்த் தானியம் என்பதால் அரசு வரியைக் குறைத்தது, சிறு விவசாயிகளுக்கு விலை கிடைத்தது. நம்ம இருங்குச் சோளத்துக்கு அந்த மாதிரி ஒரு காலம் வருமா என்று கேட்டால், எனக்கு அதில் அவ்வளவு ஆசையில்லை. சோளம் முதலில் கூழுக்கும் மாட்டுக்கும் போகட்டும். பனை அப்படியில்லை. கள்ளுக்காக அதற்கு யாருடைய சோற்றையும் பிடுங்க வேண்டியதில்லை.

இனி என் வீட்டுக்காரம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்றதும், "எழுதுங்க, எழுதுங்க. நம்ம தோட்டத்துல நாலு பேரு உக்காந்து குடிச்சா பொழுது சாயுற நேரம் நான் மாட்டுக்குப் புல்லறுக்கப் போறது எப்படி?" என்றாள். அவள் அண்ணன் குடித்தே செத்தவர். பாட்டில் சாராயத்தில் செத்தார், கள்ளில் இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். "செத்தவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். இதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. கள் உடம்புக்கு நல்லது, மருந்து, உணவு என்று மேடையில் பேசுகிற தோழர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். கள்ளில் ஆல்கஹால் இருக்கிறது. தினம் ஒரு குடம் குடிக்கிறவன் குடும்பம் எதில் குடித்தாலும் கெடும். 1921-ல் கள்ளுக்கடை மறியலில் இறங்கிய பெரியார், தன் தோப்புத் தென்னை ஐந்நூறுக்கு மேல் வெட்டினார் என்பது வரலாறு. அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

அதனால்தான் நான் கேட்பது சின்ன அளவு. ஏலம் கூடாது. கடை கூடாது. மரம் வைத்திருக்கிறவரும் ஏறுகிறவரும் சேர்ந்து, இத்தனை மரம் என்று எண்ணிக்கை குறித்து, கிராம சபையில் அனுமதி வாங்கட்டும். அந்தச் சபையில் பெண்கள் வேண்டாம் என்றால் வேண்டாம், அதற்கு மேல்முறையீடு கிடையாது. விடியலில் இறக்கியதை மரத்தடியிலேயே உச்சிப்பொழுதுக்குள் விற்கணும். பொழுது சாய்ந்தால் விற்பனை இல்லை. என் வீட்டுக்காரம்மா புல்லறுக்கப் போகிற நேரத்துக்கு அங்கே யாரும் இருக்கக்கூடாது. வண்டியில் ஏற்றக்கூடாது. மிஞ்சினால் காடிக்கு விடலாம். கோவாவில் கள்ளுக் காடி இல்லாமல் சமையலே இல்லை, நம்ம ஊர் ஊறுகாய்க்கும் அது ஆகும். பஞ்சகவ்யாவுக்கும் ஆகும். பொடி கலந்தார் என்று ஒருமுறை பிடிபட்டால் அந்த மரத்துக்கு அனுமதி அதோடு சரி. ஏறுகிறவர் பேரும் தோட்டத்துப் பேரும் ஒரு பலகையில் எழுதி மரத்தடியில் நிற்கட்டும், பெங்களூர்க் கரும்பலகை மாதிரி. மாசியிலிருந்து ஆடி வரை மட்டும்.

"கருப்பட்டி காய்ச்சு, அது போதாதா?" என்று காந்தி வழி நண்பர்கள் கேட்பார்கள். காய்ச்சுகிறோம். பத்து லிட்டர் பதநீருக்கு ஒன்றேகால் கிலோ வந்தால் பெரிது. விறகு, ராத்திரி வரை அடுப்படியில் ஒரு பெண்ணின் உழைப்பு. இத்தனையும் போட்டு விலை சொன்னால், சீனி கலந்த கருப்பட்டி பாதி விலைக்குப் பக்கத்துக் கடையில் இருக்கிறது. பதநீரும் மத்தியானத்துக்கு மேல் நிற்காது. 2017-ல் தென்னைக்கு நீரா விதிகள் வந்தன, உற்பத்தியாளர் நிறுவனம், குளிர்பதனம், உரிமம் என்று. பெரிய தோப்புக்காரர்களுக்கு அது ஓரளவு சரி. வரப்பில் இருபத்தி மூன்று பனை வைத்திருக்கிறவன் குளிர்சாதனப் பெட்டிக்கு எங்கே போவான்? கருப்பட்டி, பதநீர், நுங்கு, கிழங்கு எல்லாம் வேண்டும். அவற்றோடு கள்ளும் சேர்ந்தால்தான் மரமேறிக்கு நாள் கூலி கட்டும்.

சட்டம் மாறுகிற வரைக்கும் காத்திருக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. எங்க தோட்டத்தில் ஏறுகிற அண்ணனுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. மார்பிலும் கணுக்காலிலும் மரம் உரசி உரசி தோல் காய்ப்பேறிக் கிடக்கும். அவர் மகன் நூல் மில்லில் வேலை பார்க்கிறான். மாசம் பிறந்தால் சம்பளம், கீழே விழுகிற பயமில்லை. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ரெண்டு வருஷம் முன்னால் சுண்ணாம்பு போட்ட கலயத்தையே கள் என்று சொல்லி யாரோ வந்து உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அண்ணன் உடைந்த ஓட்டைப் பொறுக்கிக்கொண்டே, "சுண்ணாம்பு இருக்குதா இல்லையான்னு நக்கிப் பாத்தா தெரியப் போவுது தம்பி. அதுக்குக்கூட அவங்களுக்குப் பொறுமை இல்லை" என்றார். அடுத்த வருஷம் ஏறவில்லை. மரம் சும்மா நின்றது.

இந்த மாசியில் போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தேன். ஒரு நிபந்தனை போட்டார். "நான் ஏறுறதுன்னா கீழ நின்னு கத்துக்க ரெண்டு பசங்க வேணும்." வடமதுரைப் பக்கமிருந்து இயற்கை விவசாயம் பழக வந்த பையன் ஒருத்தன், எங்க பெரியப்பா பேரன் ஒருத்தன், ரெண்டு பேர் வந்தார்கள். தளைநார் மாட்டுவதற்கே பத்து நாள் ஆயிற்று. இப்போது சின்ன மரம் நாலில் அவர்களே ஏறுகிறார்கள். சுண்ணாம்புக் கலயம்தான் கட்டுகிறோம், சந்தேகமே வேண்டாம். காலையில் ஏழு மணிக்குள் வந்தால் ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றித் தருவோம். எரியோடு ரோட்டில் இறங்கி யாரிடம் கேட்டாலும் பனை ஏறுகிற தோட்டம் எது என்று காட்டுவார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இப்போது அது ஒன்றுதான்.